றொபேட் நொக்ஸின் நூலிலே தாயக ஏக்கம்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த இடங்களுள் ஆங்கிலப் பெயர் தாங்கியவை பல. உவர்மலை ஆங்கிலத்தில் 'ஓர்ஸ் ஹில்' என வழங்கும். கோணேசர் மலையின் அடிவாரத்துக் கோட்டை 1803ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசகுமாரர் பிரெடெரிக்கின் பெயரைச் சுமந்து நிற்கிறது. தாயகத்தை விட்டு வந்தோர், வந்த இடத்திலே அத்தாயகத்தைப் பெயரளவிலாயினும் நட்டு வைத்தல் உலகியல்பு. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் நாள் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் செல்லும் வரையும் அதனையே செய்தனர். சென்றோர் சிலர், இங்கேயே மண்ணாயினோர் சிலர். ஆங்கிலக் கிராமத்து மனைவாழ்வைத் தம் நாவல்களில் என்றும் நிலைக்கச் செய்த ஜேன் ஒஸ்ரின் அம்மையாரின் உடன்பிறந்தாராகிய கடற்படைத் தலைவர் சாள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவில் இறந்து, இந்நகரத்துக் கல்லறைத் தோட்டத்திலே துயில்கின்றார்.

ஆயினும் இவரெல்லாம் ஆள வந்தோர். விரும்பியபோது திரும்புவதற்குக் கப்பல் உடையோர். இவர்களுக்கு 135 ஆண்டுகள் முன்னே, கப்பலுமின்றிப் படையுமின்றி, இதே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆங்கில இளைஞர் ஒருவர் உளர். தாயக ஏக்கம் என்னும் உணர்ச்சியை இத்தீவினின்று எழுந்த ஆங்கில நூல்களிலே தேடுவோர் முதற்கண் அவர் நூலையே தேடுதல் வேண்டும். அவரே றொபேட் நொக்ஸ்.

வரலாறு பலர் அறிந்ததே. சுருங்கக் கூறின் அமையும். 'ஆன்' என்னும் கப்பல் 1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாட்டை விட்டுப் புறப்பட்டது. அதன் தலைவர் நொக்ஸின் தந்தையார். அவர் பெயரும் றொபேட் நொக்ஸே. 1659 நவம்பரில் மச்சிலிப்பட்டினத்திலே புயலுக்கு ஆட்பட்டுப் பெரும் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், புதிய மரம் நாட்டுவதற்கும் துணி வாணிகஞ் செய்வதற்குமாகப் பறங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவிலே நங்கூரமிட்டது. அக்காலத்திற் கொட்டியாரம் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. 1660 ஏப்பிரலில் மன்னனின் திசாவை படையுடன் வந்து, கப்பற்றலைவர் உட்பட 16 பேரைச் சிறைப்படுத்தினான். மூதூரிலே 'வெள்ளைக்காரன் மரம்' என்று வழங்கிய புளியமரத்தடியே அந்நிகழ்ச்சி நடந்த இடம் என்பது ஊர்வழக்கு. அப்போது மகனுக்கு வயது 19. அவர் வன்னிக் காட்டினூடே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள். 1681இல் இலண்டனில் அவர் நூல் வெளிவந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் செருமன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது.

வரலாற்றாசிரியர் இந்நூலைக் கண்டி இராச்சியத்தின் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வர். கொள்வது தக்கதே. நெல் வேளாண்மை, வரி, மணமுறை, சமயச் சடங்கு, மன்னனின் ஐயுறவு நிறைந்த உள்ளம் ஆகியவற்றை இத்துணை நுணுக்கமாகக் கூறிய வேற்றுநாட்டார் அந்நூற்றாண்டில் அரியர். ஆயின் இலக்கியமாகக் கொண்டு நோக்குவார்க்கு இந்நூல் வேறொரு முகங் காட்டும். தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருட் பாகுபாடு இதற்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகிறது. நூலின் முதற்பொருள் இலங்கை. மலையும் மழையும் ஆறும் இலங்கையின. கருப்பொருளும் இலங்கையினவே; யானையும் பலாவும் தாளிப்பனையும் உழவனும் தெய்வமும் இந்நாட்டுக்கு உரியன. உரிப்பொருளோ ஆங்கில நாட்டைச் சார்ந்தது. அது பிரிவு. பாலைக்குரிய பிரிவு என்பதினும், கரையிலே நின்று கடலை நோக்கி வருந்தும் நெய்தலின் இரங்கல் எனல் பொருந்தும். வியப்பு யாதெனின், அவ்வுரிப்பொருள் வெளிப்படையாகப் பேசப்படும் இடங்கள் மிகச் சிலவே. ஆங்கில நாட்டு ஆற்றையோ புல்வெளியையோ பனிக்காலத்தையோ நினைந்து வருணிக்கும் பகுதி ஒன்றேனும் நூலில் இல்லை. 'என் நாடே' என்று அவர் விளித்து அரற்றவில்லை. ஏக்கம் உவமைகளினுள்ளும் செயல்களினுள்ளும் ஒளிந்து கிடக்கிறது.

உவமைகளை முதலில் நோக்குக. பலாப்பழத்தின் பருமையைக் கூற வந்தவர் ஆங்கில நாட்டுப் பெரிய ரொட்டியை எடுத்துக்காட்டுகிறார். அதன் முள்ளைக் கூற அந்நாட்டு முள்ளெலியை நினைக்கிறார். காகம், குருவி, உள்ளான் முதலிய பறவைகளைத் தொகுத்துரைக்குங்கால், அவை ஆங்கில நாட்டுப் பறவைகளை ஒத்தன என்று நிறைவு கொள்கிறார். மயிலும் கிளியும் மலிந்த காட்டில் இருந்துகொண்டு, ஊர்க்குருவியைக் கண்டு உவந்த உள்ளம் எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும். இவற்றுள் எல்லாம் தலைசிறந்தது தாளிப்பனைக்கு அவர் கூறும் உவமை. அது கப்பலின் பாய்மரம் போல் உயர்ந்து, பருத்து, நேராக நிற்கிறது என்கிறார். மாலுமியின் மகனுக்கு இவ்வுவமை இயல்பே. ஆயினும், பாய்மரம் ஒன்றைத் தேடி வந்தே கொட்டியாரத்திற் சிறைப்பட்டவர், பத்தொன்பது ஆண்டுகள் ஒவ்வொரு தாளிப்பனையிலும் அப்பாய்மரத்தைக் கண்டுகொண்டிருந்தார் என்பதை எண்ணுங்கால், அணியிலக்கணத்தார் கூறும் உவமை என்பதற்கு மேலான ஒன்று அங்கே புலனாகிறது.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். அறியாத பொருளை அறிந்த பொருளால் விளக்குதல் பயண நூலார் எல்லார்க்கும் பொது. இலண்டன் மாநகரத்துப் படிப்பாளர்க்கு முள்ளெலியைக் காட்டாது வேறெதனைக் காட்டுவது என்று வினவலாம். அன்றியும், நூலை ஒழுங்குபடுத்துவதில் அறிவியற் கழகத்து அறிஞர் றொபேட் ஹூக் துணை நின்று, முன்னுரையும் வழங்கியுள்ளார். நாடு, அரசு, மக்கள், சிறைவாழ்வு என நான்கு பகுதிகளாக நூல் அமைந்திருப்பது அக்கழகத்தார் விரும்பிய முறையைப் பெரிதும் தழுவியது. ஆகவே உவமைகளை மட்டும் கொண்டு ஆசிரியரின் உள்ளத்தை அளத்தல் முறையன்று. இத்தடை வலியுடையதே. ஆயின் நொக்ஸ் எழுதத் தொடங்கியது இலண்டன் அறிஞரைச் சந்தித்த பின்னரன்று. பத்தாவியாவுக்கும் பாந்தத்துக்கும் சென்று, அங்கிருந்து ஆங்கிலக் கப்பலேறித் தாயகம் மீளும் நெடும்பயணத்திலேயே எழுதினார். இரு நாட்டுக்கும் இடைப்பட்ட கடலிலே, எந்நாட்டு மண்ணிலும் கால் ஊன்றாத நிலையிற் பிறந்த எழுத்து அது. ஹூக் கொடுத்தது வரிசை. அளவுகோலை அவர் கொடுக்கவில்லை.

உவமைகளால் மட்டும் தெளிவுறாத எவரும் நான்காம் பகுதியைப் படித்தபின் ஐயுறார். நூலின் உயிர் அப்பகுதியே. முதல் மூன்று பகுதிகளைச் செய்திக்காகப் படிக்கலாம்; நான்காவதை மீண்டும் மீண்டும் படிக்கலாம்.

சிறைப்பட்ட தொடக்கத்திலேயே மகனைத் தூதாகக் கப்பலுக்கு அனுப்புகின்றனர். கப்பல் கண்முன்னே நிற்கிறது, ஏறினால் தாயகம். ஏறிச் செய்தியைச் சொல்லிவிட்டு, வாக்களித்தபடி தந்தையிடம் மீளுகிறார். இந்நிகழ்ச்சியை அவர் அமைதியாகவே கூறிச் செல்கிறார். ஆயின் அடுத்த இருபது ஆண்டுக் கதைக்கும் அதுவே வித்து. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்படுகின்றனர். குளிர்காய்ச்சல் இருவரையும் பற்றுகிறது. 1661 பெப்புருவரியில் தந்தை இறக்கிறார். பிணத்தைக் காட்டுக்கு இழுத்துச் செல்வதற்கு ஊரார் கயிறு ஒன்று கொடுக்க முன்வருகின்றனர். மகன் அதனை மறுத்து, நோயால் நடுங்கும் உடலோடு, தம் நாட்டு முறைப்படி அடக்கஞ் செய்கிறார். கயிறு நீட்டிய ஊராரைக் கொடியர் எனல் பிழை. அவர்க்கு அது வழக்கம். ஆயின் அக்கயிற்றைக் கண்டபோதே, தாம் எத்துணைத் தொலைவில் இருக்கின்றார் என்பதை அவ்விளைஞர் முதன்முதல் உணர்ந்தார் போலும். ஊர்கள், காவதங்கள் ஆகியவற்றின் கணக்கால் அத்தொலைவு அளக்கப்படுவதன்று.

தந்தையார் விட்டுச் சென்றவற்றுள் இரண்டு சமய நூல்கள் இருந்தன. அவற்றை மனப்பாடமாகும் வரை படித்து முடித்தபின், படிக்க வேறொன்றும் இல்லை. அவ்வேளையில், ஓடையிலே மீன்பிடித்துக் கொண்டிருந்தவரை அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் கண்டு, அவர்க்கு வாசிக்கத் தெரியுமா என்று வினவுகிறார். போர்த்துக்கேயர் 1656இல் கொழும்பை இழந்தபோது அம்முதியவர் கைக்கு வந்த நூலொன்று அவரிடம் இருந்தது. திறந்து பார்க்கின், அது ஆங்கில விவிலியம். கண்ணிற் பட்ட முதற்பகுதி, சிறைக்காவலன் ஒருவன் தன் மீட்புக்கு வழி கேட்கும் இடம். கையிலிருந்த பொற்காசைக் கொடுத்துவிடவே முற்பட்டார். இறுதியிற் பின்னற் குல்லாய் ஒன்றுக்கு நூல் கைமாறியது. இந்நிகழ்ச்சியை அருட்செயல் என்றே நொக்ஸ் கொள்கிறார். சமய நம்பிக்கை ஒருபுறம் நிற்க, இலக்கிய நோக்கிற் கருதத்தக்கது மொழி. பெற்ற தாய்மொழியின் அச்செழுத்தை, தாயகத்தின் ஓசை முழுவதையும் ஒரு குல்லாய்க்கு விலையாகப் பெற்றார். ஆங்கில நாட்டின் நிலக்காட்சி அவர் நூலில் இல்லாமைக்கு இதுவே காரணமாகலாம். அவர் நினைவில் தாயகம் ஒரு நிலமாக இல்லை; ஒரு நூலாகவும், ஒரு வழிபாட்டு முறையாகவும், ஒரு வீட்டொழுங்காகவும் இருந்தது.

அவ்வீட்டொழுங்கைப் பின்னர் எலதெத்த என்னும் ஊரிலே நிறுவினார். 25 இலாரிக் காசுக்கு நிலம் வாங்கி, வீடு கட்டி, கோழியும் பன்றியும் வளர்த்து, குல்லாய் பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தார். உடன் சிறையிருந்தோருட் பலர் சிங்களப் பெண்களை மணந்து மக்களைப் பெற்றனர். நொக்ஸ் மணக்கவில்லை, மணமாகாதோர் மட்டுமே தம் மனையில் இருத்தல் வேண்டும் என்று விதியும் வகுத்தார். இறுதியில் அவ்விதியைக் காத்து நின்றவர் அவரும் ஸ்டீபன் ருட்லண்டும் ஆகிய இருவரே. மணந்தால் கால் கட்டுண்ணும், கட்டுண்டால் தாயகம் இல்லை என்பது அவர் துணிபு. டானியல் டீபோ 1719இல் வெளியிட்ட ரொபின்சன் குரூசோ கதைக்கு நொக்ஸின் வாழ்வு தூண்டுதலாயிருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். டீபோ அடுத்த ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கதையிலே நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கியே சேர்த்துள்ளார் என்பது தெளிவு. இரண்டையும் ஒப்புநோக்கின், நொக்ஸே பெரியவர் என்று கூறத் தோன்றுகிறது. குரூசோ ஆளற்ற தீவிலே தனக்கோர் ஆங்கில நாட்டைச் சமைத்துக் கொண்டான், தடுப்பாரில்லை. நொக்ஸோ மக்கள் நிறைந்த ஊரிலே, அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் உணவை உண்டு, அவர்கள் உடையை உடுத்தி, உள்ளத்தில் மட்டும் வேற்று நாட்டவராக வாழ்ந்தார். பின்னதே அரிது.

ஆயினும் நொக்ஸின் ஏக்கத்தைப் பாராட்டுவதோடு திறனாய்வு முடிவதில்லை. அவ்வேக்கம் அவர் கண்ணைத் திறந்தது போலவே மறைத்தும் உள்ளது. இதனைக் காட்டும் பாத்திரம் ஒன்று நூலில் உண்டு. படிப்போர் பெரும்பாலும் கடந்து செல்வர். பறங்கிப்பேட்டையிலிருந்து தந்தையார் தம் பணிக்கென்று கொண்டு வந்த கருநிறச் சிறுவனே அது. கொட்டியாரத்தில் அவனும் பிடிபட்டான். எசமானர் தன் நிறத்தவர் கையிற் சிறைப்பட்டதைக் கண்டபின் அச்சிறுவன் ஏவலுக்கு இணங்கவில்லை, தன் மனம் போனவாறே நடந்தான் என்று நொக்ஸ் குறைபடுகிறார். குல்லாய் பின்னியதும் அச்சிறுவனே. பொற்காசைக் கொடாது குல்லாயைக் கொடுக்கலாம் என்று விவிலியப் பேரத்தில் அறிவு கூறியவனும் அவனே. அவன் பெயர் என்ன என்று நூல் கூறவில்லை. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்; அவன் ஊரும் கடலுக்கு அப்பாலேயே இருந்தது. கொட்டியாரத்துக்கும் பறங்கிப்பேட்டைக்கும் இடையே தோணிகள் வந்து போயின. இலண்டனை நோக்க அவன் வீடு அண்மையில் இருந்தது. ஆயினும் மீளும் வழி இருவர்க்கும் ஒருங்கே அடைபட்டது. தம் பிரிவை இத்துணை நுண்மையாக உணர்ந்தவர், அடுப்பங்கரையிலே தம்மருகிருந்த மற்றொரு பிரிவை உணரவில்லை. நிறம் ஒன்றாயிருந்தமையால் அச்சிறுவனுக்குக் கண்டி நாடு சொந்த நாடே என்று அவர் கருதிவிட்டார். நூலின் பெருங்குறை இதுவே. நிகழ்ச்சிகளை ஒளிக்காமல் எழுதியிருப்பதால் அக்குறையை நாட்டுவதற்கும் அந்நூலே சான்று தருகிறது. இது நொக்ஸின் நேர்மைக்குப் பெருமை.

கொட்டியாரத்தைப் பற்றியும் இவ்வாறே கூறல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் இக்கடற்கரை எவ்வாறிருந்தது என்று அறிய விரும்பி நூலைத் திறப்போர் ஏமாற்றமே அடைவர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டி நாற்பது ஆண்டுகள் கூட நிரம்பாத காலம் அது. இடிந்த கோயிலின் நினைவு இக்கரையோர மக்கள் உள்ளத்திற் பசுமையாக இருந்திருக்கும். பறங்கிப்பேட்டை வணிகர் துணி கொண்டுவந்து விற்கும் துறையாகக் கொட்டியாரம் விளங்கியதை நொக்ஸின் கூற்றே உணர்த்துகிறது. இவற்றை விரித்துரைக்கும் வாய்ப்பு அவர்க்கு இருந்தது, அவர் விரிக்கவில்லை. அவர் இங்குத் தங்கியது சில வாரங்களே என்பது உண்மை. எனினும் காலக்குறைவு மட்டுமே காரணம் ஆகாது. திரும்பி நோக்கிய கண்ணுக்குக் கொட்டியாரம் ஊராகத் தோன்றவில்லை; அடைபட்ட வாயிலாகவே தோன்றியது. வாயிலில் நின்றோர் யாவர், என்ன மொழி பேசினர், எத்தெய்வத்தைத் தொழுதனர் என்பவை அவர் நினைவிலிருந்து நழுவின. பத்தொன்பது ஆண்டு கழித்து அநுராதபுரத்துக்கு அப்பால் அருவியாற்றின் கரை வழியே தப்பியோடும்போது, மீண்டும் தமிழ் வழங்கும் நிலத்துள் நுழைகிறார். சிங்களத்தை நன்கு கற்றிருந்தவர் அங்கே மொழியறியாதவராய் நிற்கிறார். தீவின் ஒரு பாதி தமக்கு வாய்திறவாமல் நின்றதை அவரும் அங்கே உணர்ந்திருத்தல் வேண்டும்.

மாவலி கங்கையை அவர் அறிந்திருந்தார். அது நாட்டின் நடுவே ஓடித் திருக்கோணமலைப் பக்கத்திலே கடலோடு கலக்கிறது என்று எழுதியுமிருக்கிறார். தாம் வாழ்ந்த மலைநாட்டிலே ஓடிய நீர், தாம் கப்பலை இழந்த குடாவுக்கே செல்கிறது என்பதை அறிந்தவர் அதனை ஒரு புவியியற் செய்தியாக மட்டும் கூறி அமைந்தார். வேறொருவர் எழுதின் அங்கே கண்ணீர் பெருகியிருக்கும். நொக்ஸின் நடைக்கு அக்கட்டுப்பாடே அழகு.

இனி, அவர் ஏங்கிய தாயகம் எது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவர் புறப்பட்டபோது ஆங்கில நாட்டில் மன்னர் இல்லை; ஒலிவர் கிரொம்வெல் ஆண்டார். கொட்டியாரத்திற் சிறைப்பட்ட அடுத்த மாதத்திலேயே இரண்டாம் சாள்ஸ் நாடு திரும்பி முடியுரிமை எய்தினார். 1665இல் கொள்ளைநோய் இலண்டனை வாட்டியது. 1666இல் பெருந்தீ அதன் பெரும்பகுதியைச் சுட்டெரித்தது. எலதெத்த மனையிலிருந்து அவர் நினைத்துக் கொண்டிருந்த நகரம் அவர் நினைக்கும்போதே இல்லாதொழிந்து விட்டது. 1680 செப்டெம்பரில் அவர் மீண்டு கண்டது வேறொரு நகரம். அப்புதிய நகரைக் கட்டியெழுப்பிய சிற்பி கிறிஸ்தொபர் ரென் என்பாரே அவர் நூலுக்குப் பாராட்டுரை வழங்கினார் என்பது காலத்தின் விளையாட்டு.

மீட்சி அந்நியமாகத் தோன்றும் என்பதற்கு நூலின் இறுதியிலேயே அறிகுறி உண்டு. ஒல்லாந்தரின் விருந்தில் நாற்காலியில் அமர்ந்து, மேசையிலே சீனப் பாத்திரத்தில் உண்ணும்போது, தரையிலிருந்து இலையில் உண்டு பழகிய தமக்கு அது புதுமையாய் இருந்தது என்று கூறுகிறார். தாயகத்தின் வாயிலை அடைந்தபோதே உடல் இலங்கையைத் தேடத் தொடங்கிவிட்டது. இதன் தொடர்ச்சியை 1681ஆம் ஆண்டு நூலிற் காண இயலாது. அவர் தம் கைப்பட எழுதி வைத்த தன்வரலாறு 1911இல் ஜேம்ஸ் றயன் பதிப்பித்த பின்னரும், அச்சுப் பிரதியினிடையே அவர் சேர்த்துவந்த குறிப்புக்கள் 1989இல் பௌலூஸ் பதிப்பித்த பின்னருமே நொக்ஸ் முழுமையாகத் தெரிந்தார். கீழிந்தியக் கும்பனியின் கப்பற்றலைவராய்ப் பன்முறை கடலோடி, அக்கும்பனியோடு மாறுபட்டுப் பிரிந்து, மணமின்றியே முதுமையடைந்த அவர், அச்சேறிய நூலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, தாள்தாளாக இலங்கைச் செய்திகளைச் சேர்த்தெழுதிக் கொண்டேயிருந்தார். உடன் சிறையிருந்து மீளாது போனவர்க்குக் கடிதமும் எழுதினார். எலதெத்தவிலிருந்த தம் மனையையும் நிலத்தையும், தோழர் ஒருவரின் மகளாய், தாம் அன்பு காட்டி வளர்த்த லூசியா என்னும் சிறுமிக்கு உரிமையாக்கினார்.

1681ஆம் ஆண்டு நூலை மட்டும் படிப்போர் அவரை ஆங்கில நாட்டுக்காக ஏங்கியவர் என்பர். பிற்காலத் தாள்களையும் சேர்த்துப் படிப்போர்க்கு அவ்வாறு கூறித் தீர்த்துவிட இயலாது. மணத்தை விலக்கியும், விதி வகுத்தும், விவிலியத்தைப் பற்றியும் இருபது ஆண்டுகள் இலங்கை தம்முள் வேரூன்றாமற் காத்தவர், இலண்டனிலே நாற்பது ஆண்டுகள் அதனை நீரூற்றி வளர்த்தார். தன்வரலாற்றின் அப்பகுதிகளை நூலின் ஐந்தாம் பகுதியாகக் கொண்டு படித்தல் தகும். 1720 சூன் மாதத்தில் அவர் இறந்தார்; இளமையிலே வாழ்ந்த விம்பிள்டன் ஊரிலே அடக்கம் பெற்றார்.